சோற்றுக்குப் போடாத காசு

அண்ணன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போக எவ்வளவு ஆகும் என்று எங்கள் வீட்டில் கணக்குப் போட்டது ஒரு பங்குனி மாதத்தில். புளி உலுக்கி முடித்து, களத்தில் குவித்துப் போட்டிருந்தோம். கூலிப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆறாம் வகுப்புக்கு ஓசூர் போக வேண்டும், பெண்பிள்ளையைத் தனியாக பஸ்ஸில் ஏற்றி அனுப்ப யாருக்கும் மனமில்லை. எனக்கும் அதில் அப்போது வருத்தமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேனே தவிர பதில் சொல்ல மாட்டேன். ஆம்பிளைகள் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் பாகலூருக்கு அந்தப் பக்கம். எங்கள் கடைசி நிலத்தின் வரப்பைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அண்ணன் படித்ததெல்லாம் பெங்களூரில். இன்ஜினியரிங் முடித்த கையோடு, இரும்பு உருக்கும் படிப்பை மேல்கொண்டு படிக்க இங்கிலாந்தில் ஒரு காலேஜில் இடம் கிடைத்திருந்தது. நாடு முழுக்க உருக்காலை வரப்போகிறது, அதைப் படித்தவன் நம்மிடத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறான் என்று அவனுடைய புரொபசர் சொன்னாராம். இரண்டு வருஷப் படிப்பு. இடம் கிடைத்ததே தவிர உதவிப் பணம் கிடைக்கவில்லை. என்னென்ன செலவு ஆகும் என்று அந்தக் காலேஜே ஒரு தாள் அச்சடித்து அனுப்பியிருந்தது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தான்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மனக்கணக்கில் அவரை ஜெயிக்க முடியாது. சந்தையில் கன்னடத்தில் விலை கேட்டு, தெலுங்கில் குறைத்து, தமிழில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறவர்.

"பாப்பா, இங்க வா. எழுது" என்றார் என்னை.

"அவனே எழுதட்டுமேப்பா" என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினேன்.

"அவன் படிக்கணும், நீ எழுதணும், நான் கூட்டணும். ஒருத்தனே எல்லாத்தயும் செஞ்சா தப்பு வந்துடும். வா வா, இங்க யாரு உன்ன முழுங்கறாங்க?"

பென்சிலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னான். காலேஜுக்குக் கட்டுகிற சம்பளம். பம்பாய் வரை ரயில், அங்கிருந்து கப்பல். தங்குகிற அறைக்கு வாடகை. புத்தகம். குளிருக்குக் கம்பளிக் கோட்டு, பூட்ஸ். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஒரு நிமிஷம் கண்ணை மூடி, சேர்த்துக்கொண்டே வந்தார்.

"கப்பல் கூலி போகவும் வரவுமா, போறதுக்கு மட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"போறதுக்கு மட்டும்தாம்மா."

"அப்ப திரும்பி வர்றதுக்கு எழுதுடி முதல்ல" என்றாள் என்னிடம். அது தாளில் இல்லாத செலவு. அம்மா சொல்லித்தான் எழுதினேன்.

அண்ணன் அடுத்த வரிக்கு வந்தான். "சாப்பாடு" என்றான்.

அப்பா கண்ணைத் திறந்தார். "சாப்பாட்டுக்கு எதுக்குடா காசு?"

"அங்க காசு குடுத்துத்தாம்பா சாப்பிடணும். ஓட்டல் மாதிரி."

"ஓட்டலா? என் பையன் ஓட்டல்ல சாப்பிடறதா? வீட்ல இருக்கற ராகி எலி திங்கறதுக்கா?"

கூலிப் பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒருத்தி வாயாடி. "அங்க வெள்ளக்காரி உக்காந்து களி கிண்டிப் போடுவாளா சாமி? மூஞ்சில வெந்நி தெறிச்சா இன்னும் செவந்து போயிடுவாளே!" என்றாள். களமே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். நானும்தான்.

"அத உடு. மேல படி" என்றார் அப்பா.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் சோறு என்பது பணத்தோடு சேர்ந்ததே இல்லை. உப்பும் மண்ணெண்ணெயும் துணியும்தான் காசு போட்டு வாங்குகிறவை. கிருஷ்ணகிரிச் சந்தைக்கே போனாலும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள். ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிட்டான் என்றால் வீட்டில் ஆள் இல்லாதவன் என்று அர்த்தம். பெங்களூரில் அண்ணன் இருந்த ஹாஸ்டலும் அப்படித்தான். குடியானவர் பிள்ளைகளுக்காக நடத்தியது. ஒவ்வொரு பையன் வீட்டிலிருந்தும் ராகி மூட்டை, அவரைப் பருப்பு, மிளகாய், புளி எல்லாம் வந்துவிடும். அப்பா பஸ் மேலே மூட்டையைப் போட்டு அனுப்புவார். சமையல்காரர் பொங்கிப் போடுவார். நாலு வருஷம் அண்ணன் அப்படித்தான் சாப்பிட்டான். பெங்களூருக்குப் பஸ்ஸில் போன மூட்டை இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும், அவ்வளவுதானே என்பது அப்பாவுடைய நினைப்பு.

மொத்தத்தைக் கூட்டினார். பிறகு எங்கிருந்து எடுப்பது என்று ஆரம்பித்தார். உழவு மாடு ஒரு ஜோடியை விற்பது. அம்மாவின் நகை. என் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்ததும் அதில் சேர்த்தி. அப்புறம் புளியமரங்களை மூன்று வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்குவது. எங்கள் புளியை வருஷா வருஷம் எடுக்கிற கிருஷ்ணகிரி பாய் அதற்கு ஒத்துக்கொண்டார். நல்ல மனிதர். அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எல்லாம் சேர்த்தால் தட்டுத்தடுமாறிக் கணக்கு சரியாயிற்று.

"ஏரிக்கர வயல்ல கை வைக்காம முடிஞ்சுது" என்றார் அப்பா. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த வயல் ஒன்றுதான் எங்களுக்கு நஞ்சை. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. நாங்கள் நெல்லுச்சோறு சாப்பிட்டது அந்த வயலால்தான்.

ஆவணியில் அண்ணன் புறப்பட்டான். ரயில் ஏற்ற நான் போகவில்லை. வாசலில் என் தலையில் கை வைத்து, "கடுதாசி போடு பாப்பா. பேசத்தான் வராது, எழுதவாவது எழுது" என்றான்.

அவன் போன வாரமே அம்மாவும் நானும் உட்கார்ந்துவிட்டோம். நல்ல ராகியாகப் பார்த்துப் புடைத்து, ஊறவைத்து முளைகட்டி, காயவைத்து, வறுத்து, திருகையில் அரைத்தோம். வறுத்த ராகி மாவு கெடாது, வெந்நீரில் கலந்தால் அப்படியே சாப்பிடலாம். கொள்ளுப் பொடி, புளியையும் மிளகாயையும் சேர்த்து இடித்து உருட்டிக் காயவைத்த உருண்டை, அவரைப் பருப்பு. மண்ணெண்ணெய் டின் ஒன்றை வெந்நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, வாசம் போகிற வரை வெயிலில் வைத்தோம். ஓசூரில் ஈயம் பற்றவைக்கிறவரிடம் கொண்டுபோய் மூடியைப் பற்றவைத்து, மேலே காடாத்துணி போட்டு நானே தைத்தேன். விலாசத்தைத் துணிமேல் எழுதியதும் நான்தான். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல் இழுத்து வைத்தேன்.

அப்பா அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஓசூர் தபாலாபீசுக்குப் போனார். மத்தியானம் போனவர் பொழுது சாயத்தான் வந்தார்.

"போச்சா?" என்றாள் அம்மா.

"போச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"இந்த மாவயெல்லாம் சந்தையில வித்தா என்னா வருமோ, அதப்போல பல மடங்கு கேக்கறாம்மா அனுப்பக் கூலி." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "போனா போவட்டும். பையன் நம்மூட்டு மாவு திங்கறான் இல்ல."

அதன்பிறகு மாதத்துக்கு ஒரு டின் என்று நினைத்திருந்தது, ஆறு மாதத்துக்கு ஒன்று என்றாயிற்று. அண்ணனிடமிருந்து நீலக் காகிதத்தில் கடுதாசி வரும். "டின் வந்து சேர்ந்தது. மாவு நன்றாக இருக்கிறது. சாப்பிடும்போது நம் வீட்டு ஞாபகம் வருகிறது" என்று இருக்கும். அப்பா அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிக்கச் சொல்வார். நான் மெதுவாகப் படிப்பேன். "சத்தமா படி, களத்துல இருக்கறவங்களுக்குக் கேக்கட்டும்" என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்.

இரண்டு வருஷம் முடிந்து அவன் வந்தான். படிப்பு பாஸாகிவிட்டது. அப்பாதான் பெங்களூர் போய் அழைத்துவந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கினவனைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் கிட்டவே போகவில்லை. அந்தக் கம்பளிக் கோட்டு அவன் மேல் மாட்டி வைத்ததுபோல் தொங்கியது. கழுத்து நரம்பு தெரிந்தது. இருமிக்கொண்டிருந்தான்.

"குளிரும்மா. ஒத்துக்கல" என்றான். அதையேதான் ஊரில் எல்லோரிடமும் சொன்னான்.

வந்த மறுவாரம். அம்மா கொல்லையில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏரிக்கரையில். சமையற்கட்டில் நான் களி கிண்டி, கீரைச் சாறோடு அவனுக்கு வைத்தேன். சின்ன வயசிலிருந்தே அவன் பேசிப் பேசிச் சாப்பிடுகிறவன், பாதியில் எழுந்துபோய் ஏதாவது எடுத்துவருவான். இப்போது குனிந்தபடி, இடது கையைத் தட்டுக்கு அணைபோல் வைத்துக்கொண்டு, மூச்சுவிடாமல் சாப்பிட்டான். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். கையை எடுத்துக்கொண்டான்.

"பழக்கமாயிடுச்சு பாப்பா" என்றான்.

"அங்க யாரு உன் தட்டப் புடுங்கினாங்க?" என்றேன். மற்றவர்களிடம்தான் எனக்கு வாய் வராது. அவனிடம் வரும்.

"யாரும் புடுங்கல. இருந்தாத்தானே புடுங்குவாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அறை வாடகையோடு காலையில் மட்டும் ஒரு வேளை கொடுப்பார்களாம். இரண்டு ரொட்டி, சில நாள் முட்டை, தேத்தண்ணீர். அதோடு சரி. மற்ற இரண்டு வேளைக்கும் கடையில்தான் வாங்க வேண்டும். கையில் இருந்ததெல்லாம் எண்ணி வைத்த பணம், சம்பளத்துக்கும் வாடகைக்கும் புத்தகத்துக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் போய்விடும்.

"நாம அனுப்பின மாவு?"

"மொத டின் நல்லா வந்துது. ரூம்ல சமையலுக்கு அடுப்பு கெடையாது பாப்பா. குளிர் காய வாயு அடுப்பு ஒண்ணு செவுத்தோரமா இருக்கும், அதுல ஒரு டப்பா. காசு போட்டாத்தான் எரியும். அங்க நெருப்புக்கும் காசு. குளிர் காயறதுக்குப் போடறதா, வெந்நி வைக்கறதுக்குப் போடறதா? பச்சத் தண்ணியில கலக்கிக் குடிச்சுடுவன்."

"மத்த டின்னுங்க?"

"ஒண்ணு ஒடஞ்சு வந்துது. ஒண்ணு தொறந்தா ஒரே புழு. கப்பல்ல ரெண்டு மாசம் இருந்தா என்னா ஆவும்? கடைசியா அனுப்பினது வரவேயில்ல."

"நல்லா இருக்குதுன்னு எழுதினியே."

"பின்ன என்னான்னு எழுதச் சொல்ற?" தட்டை வழித்தான். "சாப்பாட்டுக்குத் தாள்ல போட்டிருந்தத அன்னிக்கே நான் ஒரு தரம் கூட்டிப் பாத்தன் பாப்பா. அதயும் சேத்தா ஏரிக்கர வயல் போயிடும். அப்பா உடுன்னாரு, நானும் உட்டுட்டன். எப்படியாவது சமாளிச்சுடலாம்னு நெனச்சன். சமாளிச்சுட்டன் பாரு, பாஸ் பண்ணிட்டன் இல்ல?"

எனக்கு அழுகை வந்தது. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அழுவாத. அப்பாகிட்ட சொல்லக் கூடாது. தெரிஞ்சா மனுசன் தாங்க மாட்டாரு. என் மேல கை வெச்சுச் சொல்லு" என்றான். கை வைத்துச் சொன்னேன்.

அந்த இருமல் குளிரால் வந்த இருமல் இல்லை. ரத்தம் வந்தபிறகு பெங்களூரில் படம் எடுத்துப் பார்த்தார்கள். க்ஷயம் என்றார்கள். நாள்பட்டுவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது என்றார்கள். ஆந்திராப் பக்கம் ஒரு மலையடிவார ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உருக்காலையில் வேலைக்கு வரச்சொல்லி வந்த தாள் அலமாரியிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏரிக்கரை வயல் போயிற்று. அப்பா அதைக் கணக்குப் போடக்கூட இல்லை. வாங்குகிறவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தார்.

ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்துக்கொண்டேயிருந்தது. கம்பளிக் கோட்டு. பெங்களூரில் பட்டாளம் இருக்கும் தண்டுப் பேட்டையில் சிப்பாய்கள் கழித்துப் போட்டதை மலிவாக வாங்கிக் கொடுத்திருந்தார். "புதுசா வாங்கிக் குடுத்திருக்கணும். அதுல போய் மிச்சம் புடிச்சன் பாரு" என்பார். சாப்பிட உட்கார்ந்தால் சொல்வார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொல்வார். அம்மா, "விதிங்க. கோட்டு என்னா பண்ணும்?" என்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். அவர் வேறொன்றை நினைத்து வேதனைப்படுகிறார் என்று தெரியும். உண்மையானது தெரிந்தால் இதைவிட அதிகம் வேதனைப்படுவார் என்றும் தெரியும். கோட்டே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

அடுத்த பங்குனியில் பாய் புளி எடுக்க வந்தார். குத்தகைக் காலத்தின் கடைசி வருஷம் அது. மூட்டைகளை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு அப்பாவோடு களத்தில் உட்கார்ந்தார். அண்ணனைப் பற்றி விசாரித்தார். அப்பா ஏதோ சொன்னார். பாய் சொல்லத் தயங்குவதுபோல் இருந்தது.

"அண்ணே, இந்த நேரத்துல இதக் கேக்கறது தப்புதான். நம்ம பெரியவனுக்கும் அங்க எடம் கெடச்சிருக்குது. தோல் பதப்படுத்தற படிப்பு. எனக்கு ஒண்ணும் புரியல. உங்களுக்குத்தான் அனுபவம். என்னென்ன ஆவும்னு கொஞ்சம் சொன்னீங்கன்னா..."

"அனுப்பாதீங்க பாய்" என்றுதான் அப்பா முதலில் சொன்னார். பிறகு அவரே, "அது தப்பு. பையன் படிக்கறது பெரிசு. நம்மூட்டு நேரம் வேற" என்றார். என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, பென்சில எடுத்துட்டு வா. பாய்க்கு எழுதிக் குடு."

போய் உட்கார்ந்தேன். அப்பாவுக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது. காலேஜ் சம்பளம், ரயில், கப்பல், திரும்பி வருவதற்குக் கப்பல், அறை வாடகை, புத்தகம். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"இப்பத்தான் முக்கியமானது" என்றார். குரல் மாறியது. "கோட்டுக்கு நல்லாப் போடுங்க பாய். ரெட்டிப்பாப் போடுங்க. அதுல மட்டும் மிச்சம் பாக்காதீங்க. நான் பாத்தன், என் பையனத் தின்னுட்டுது அது."

கோட்டு என்று எழுதினேன்.

"அவ்வளவுதான். கூட்டிக்குங்க" என்றார்.

பாய் தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"குடு பாப்பா" என்றார் அப்பா.

பாயின் பையனை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவன் ஒரு தட்டின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வாய்க்குள் ஏதோ சொன்னேன்.

"என்னா? சத்தமாச் சொல்லு."

"சாப்பாடுப்பா. எழுதல."

அப்பா சிரிக்கக்கூட முயன்றார். "பாய் வீட்ல இருந்து அனுப்பிடுவாங்கம்மா. நாம அனுப்பலயா?"

"போய்ச் சேரலப்பா" என்றேன். "மொத டின்னுதான் நல்லாப் போச்சு. மத்ததெல்லாம் புழுத்துப் போயிடுச்சு. அங்க காசு போட்டாத்தான் வெந்நி. அண்ணன் ஒரு வேளதான் சாப்பிட்டுது. ரெண்டு வருசமும்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த வாயாடிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு சொன்னது?" என்றார் அப்பா.

"அண்ணன்."

"எங்கிட்ட ஏன் கேக்கல அவன்?"

"கேட்டா வயல வித்துடுவீங்கன்னு."

அப்பா என்னைப் பார்த்தபடியே இருந்தார். "வித்திருப்பனே" என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்கே போவது என்று தெரியாதவர்போல் அங்கேயே நின்றார்.

பாய்தான் என் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கினார். தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நான் எழுதியதன் கீழே அவரே ஒரு வரி எழுதினார். வண்டி ஏறும்போது அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

"உனக்குன்னு வாய் தொறக்க ஒரு நாள் வந்துது பாரு" என்றாள் அம்மா, நடந்ததைக் கேட்டதும். அதைத் திட்டாகத்தான் சொன்னாள். கடைசிவரை அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது. மூன்றாம் மனிதன் பிள்ளைக்காக வீட்டு மனுஷனை உயிரோடு கொன்றுவிட்டாய் என்று ஒருமுறை சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இப்போது அதே இடத்தில் உட்கார வைத்தாலும் நான் அதைத்தான் சொல்வேன். அதற்காக அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடாது.

அந்த வாரமே அப்பா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் படுத்திருந்த வராந்தாவில் காற்றுக்காகக் கட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கிட்ட உட்கார விட மாட்டார்கள். அப்பா கொஞ்சம் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டுவிட்டான். என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். ஒரு பாரம் இறங்கினதுபோல் இருந்தது அவனைப் பார்த்தால். அதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

"காலையில என்னா குடுப்பாங்க அங்க?" என்றார் அப்பா.

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. "ரொட்டிப்பா."

"எத்தன?"

"ரெண்டு."

"மத்தியானம்?"

அண்ணன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். அப்பா விடவில்லை. மத்தியானம், மத்தியானம் என்று கேட்டார். டீ குடிப்பேன் என்றான். சாயங்காலம்? சில நாள் கிழங்கு பொரித்துக் காகிதத்தில் சுற்றி விற்பார்கள், மலிவாக இருக்கும், அதை வாங்குவேன் என்றான். மற்ற நாள்? மற்ற நாள் தூங்கிவிடுவேன் என்றான். லீவு நாளில்? பண்டிகையில்? பரீட்சை அன்றைக்கு? அப்பா ஒன்றையும் விடாமல் கேட்டார். சந்தையில் மாடு வாங்கும்போது பல்லையும் குளம்பையும் பிடித்துப் பார்த்துக் கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார். அண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். எனக்கு எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது.

கடைசியாக அப்பா, "அந்தத் தாள்ல மாசத்துக்கு எவ்வளவு போட்டிருந்தான், சோத்துக்கு?" என்றார்.

அண்ணன் தொகையைச் சொன்னான். அது அவனுக்கு மறந்திருக்கவில்லை.

அப்பா கண்ணை மூடினார். உதடு லேசாக அசைந்தது. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பெருக்கினார். அவருக்கு அது ஒரு நொடி வேலை. ஆனால் அன்று ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதாம்ப்பா" என்றான் அண்ணன்.

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் கன்னடத்தில் ஒரு முறையும் தெலுங்கில் ஒரு முறையும் சொன்னாள். மூன்று பாஷை பேசுகிற மனிதர் எதுவும் புரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய் அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினேன்.

ஐப்பசியில் அண்ணன் போய்விட்டான். அப்பா அதற்குப்பின் வெகுகாலம் இருந்தார். புளி வியாபாரத்துக்கு யாராவது வந்தால், தொகையைச் சொல்ல என்னைக் கூப்பிடுவார். நான் கூட்டிச் சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார், சரியா என்று ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.